இருநூறு வாட் பெட்டி

பிப்ரவரி 6

அன்புள்ள மாமாவுக்கு,

மருமகள் எழுதுறேன். நாங்க இங்கே நல்லா இருக்கோம். உங்க முட்டி வலி தேவலையா? மாத்திரையை வேளாவேளைக்குப் போடுறீங்களா? இதையெல்லாம் போன்லயே கேட்கலாம்தான். நீங்க "என்னது, என்னது"ன்னு கேட்க, நான் தொண்டை கிழியக் கத்த, கடைசியில "எல்லாம் சௌக்கியம்தானே, வை"ன்னு வச்சுடுவீங்க. காகிதத்துல கத்த வேண்டியதில்லை.

ஒரு சந்தேகம் மாமா. கரண்ட் சமாச்சாரத்துக்கு உங்களை விட்டா எனக்கு யாரைத் தெரியும்? நாங்க கிளம்பினப்போ என் தையல் மெஷினுக்குன்னு உங்க வைண்டிங் கடையில ஒரு டிரான்ஸ்பார்மர் பெட்டி சுத்திக் கொடுத்தீங்களே, இந்த ஊர் நூத்திப்பத்து வோல்ட்டை நம்ம ஊர் இருநூத்திமுப்பதா ஏத்திக் கொடுக்கிற பெட்டி, அது இப்போ இங்கே இல்லை. பாட்டு கேட்கிற செட்டுக்கு வேணும்னு உங்க பிள்ளை எடுத்துட்டுப் போயிருக்கார். அதனால கடையில கட்டைவிரல் பெருசுக்கு ஒரு அடாப்டர் வாங்கினேன். நம்ம பின் ஒரு பக்கம் நுழையுது, மறுபக்கம் இந்த ஊர் சுவத்துல நுழையுது. ஆனா மெஷினை மிதிச்சா நொண்டுது. துணி ஒரு அங்குலம் நகர்றதுக்குள்ள எனக்குக் கொட்டாவி வந்துடுச்சு. கீழே இருக்கிற சலவைக் கடையில பேன்ட் கால் மடிச்சுத் தைக்கிற வேலை தர்றோம்னு சொல்லியிருக்காங்க. மெஷின் ஓடியாகணும். என்ன செய்யட்டும்?

உடம்பைப் பார்த்துக்குங்க.

உங்க மருமகள்


பிப்ரவரி 24

அம்மாடி,

மாமனார் எழுதுறேன். முட்டி அதே முட்டிதான், வயசை மட்டும் கூட்டிக்குது. கடையில மோட்டார் வரிசை கட்டி நிக்குது. வர்றவங்க மோட்டாரை இறக்கி வச்சுட்டு, என்ன கோளாறுன்னு விரலால காட்டிட்டுப் போயிடுறாங்க. செவிடன்கிட்ட கத்த யாருக்குப் பொறுமை இருக்கு? உன் அத்தை இருந்த வரைக்கும் அவ காதே எனக்கும் காதா இருந்தது. உன் கடிதத்தைச் சாப்பிடுறதுக்கு முன்னாடி ஒரு தரம், சாப்பிட்டப்புறம் ஒரு தரம் படிச்சேன்.

விஷயத்துக்கு வர்றேன். அடாப்டர் பின்னோட உருவத்தை மட்டும்தான் மாத்தும், கரண்டை மாத்தாது. சட்டை மாத்தினா ஆள் மாறிடுவானா? இருநூத்திமுப்பது கேட்கிற மெஷினுக்கு நூத்திப்பத்தைக் கொடுத்தா அது நொண்டாம என்ன செய்யும்? நொண்டினதோட விட்டுதேன்னு சந்தோஷப்படு. அந்த ஊர்ச் சாமானை இங்கே கொண்டுவந்து வெறும் அடாப்டர்ல சொருகியிருந்தா புகையைத்தான் பார்த்திருப்பே.

மெஷின் பின்னாடி ஒரு தகடு இருக்கும். சார்ஜர் முதுகுலயும் பொடி எழுத்துல இருக்கும். அதுல 100லேர்ந்து 240 வரைக்கும்னு போட்டிருந்தா எந்த ஊர்லயும் ஓடும், அடாப்டர் மட்டும் போதும். 230ன்னு மட்டும் இருந்தா பெட்டி இல்லாம முடியாது. என்ன போட்டிருக்குன்னு பார்த்து எழுது. மேற்கொண்டு அப்புறம் சொல்றேன்.

ஆமா, பெட்டியை எங்கே கொண்டுபோனான் அவன்? அது பொணம் கனம் கனக்குமே. ரெண்டு நாள் பாட்டுக்காக யாரும் அதைத் தூக்கமாட்டாங்க.

ஆசிகளுடன்,
மாமா


மார்ச் 14

அன்புள்ள மாமாவுக்கு,

நலம். நீங்க நலமா இருக்கணும். இங்கே குளிர் இன்னும் விட்டபாடில்லை. ஜன்னல் கண்ணாடியில நீர் கோத்துக்குது. துடைச்சுத் துடைச்சு எனக்கு அதுவே ஒரு பொழுதுபோக்கா ஆயிடுச்சு.

சொன்ன மாதிரி தகட்டைப் படிச்சேன். போன் சார்ஜர்ல 100லேர்ந்து 240 வரைக்கும்னு இருக்கு. மெஷின்ல 230 மட்டும்தான், பக்கத்துல 90 வாட்னு இருக்கு. இஸ்திரிப் பெட்டியில 230, ஆயிரம் வாட். பழைய சாமான் விக்கிற கடையில ஒரு சின்ன டிரான்ஸ்பார்மர் பெட்டி வாங்கிட்டேன், 200 வாட்னு எழுதியிருக்கு. செங்கல் பெருசுதான் இருக்கும். மெஷின் இப்போ குதிரையா ஓடுது. சலவைக் கடை அம்மா என் தையலைக் கண்ணுகிட்ட வச்சுப் பார்த்துட்டு, ஒரு மூட்டை பேன்ட்டைத் தலையில கட்டிட்டாங்க.

இஸ்திரியையும் அதே பெட்டியில மாட்டலாமா? மடிப்பு அழுத்தமா விழணும்ல.

பெரிய பெட்டி பத்திரமா இருக்கு மாமா. அவரும் நல்லா இருக்கார். வேலை ஜாஸ்தி, அதான் உங்களுக்கு எழுத முடியலை.

உங்க மருமகள்


மார்ச் 20

அப்பாவுக்கு,

வணக்கம். நான் சௌக்கியம். நீங்க நலமா?

இதை எப்படி எழுதுறதுன்னு தெரியாம நாளைக் கடத்திட்டேன். நானும் அவளும் இப்போ ஒண்ணா இல்லை. டிசம்பர்லயே நான் வேற ஊருக்கு வந்துட்டேன். இங்கே ஒருத்தங்களோட இருக்கேன். யார் மேல தப்புன்னு எழுதி ஆகப்போறது ஒண்ணுமில்லை. அவளுக்கு அங்கேயே இருக்கத்தான் விருப்பம், ஏதோ வேலையும் தேடிக்கிட்டா. உங்ககிட்ட தானே சொல்லிக்கிறேன்னு சொன்னா. அதனால நீங்களா கேட்காதீங்க.

பெட்டி என்கிட்டதான் இருக்கு. அருமையா வேலை செய்யுது, கொஞ்சம்கூட சத்தம் வர்றதில்லை.

உங்கள் மகன்


ஏப்ரல் 4

அம்மாடி,

நல்லா இருக்கியா? வேளைக்குச் சாப்பிடுறியா? குளிருக்கு நல்லதா ஒரு கம்பளி வாங்கிக்கோ, கஞ்சத்தனம் பண்ணாதே.

இஸ்திரியை அந்தப் பெட்டி பக்கமே கொண்டுபோகாதே. இருநூறு வாட் பெட்டி, ஆயிரம் வாட் இஸ்திரி. யானைப் பசிக்குச் சோளப்பொரி போட்டா யானை சோளப்பொரி வச்சிருக்கிற கையையும் சேர்த்துத்தான் தின்னும். பெட்டியோட வாட், மாட்டுற சாமானோட வாட்டைப் போல ரெண்டு மடங்காவது இருக்கணும். மோட்டார் கிளம்புற நேரத்துல இன்னும் அதிகமாவே இழுக்கும். உன் மெஷினுக்கு அது சரியா இருக்கு, அதோட நிறுத்திக்கோ. இஸ்திரி அந்த ஊர்லயே ஒண்ணு வாங்கி நேரா சுவத்துல சொருகு. தப்பித்தவறிகூட அதைப் பெட்டியில சொருகிடாதே, நூத்திப்பத்து சாமானுக்கு இருநூத்திமுப்பது போனா அதோட கதை முடிஞ்சுது.

பெட்டியை எங்கே வைக்கணும், எப்படி வைக்கணும்னு ஒரு விஷயம் இருக்கு. நீ பதில் போடு, அதுல எழுதுறேன்.

அவன் எழுதலைன்னா என்ன, நீ எழுதுறியே, போதும்.

மாமா


ஏப்ரல் 4

மகனுக்கு,

உன் கடிதம் வந்தது. படிச்சுட்டுக் கடையைச் சாத்திட்டு வீட்டுக்கு வந்துட்டேன். உன் நியாயத்தை நான் கேட்கப்போறதில்லை. நீ சொல்லவும் வேண்டாம்.

அவ என்கிட்ட இன்னும் சொல்லலை. "அவரும் நல்லா இருக்கார்"னு எழுதுறா. சொல்லாத வரைக்கும் அவ என் மருமகள், நான் அவளுக்கு மாமா. சொல்லிட்டான்னா அதுக்கப்புறம் எந்த உறவை வச்சு எனக்கு எழுதுவா? அதனால நானும் தெரியாத மாதிரியே இருந்துக்கிறேன். என் காது இருக்கிற லட்சணத்துல, நான் ஒரு வார்த்தை விடாம முழுசாக் கேட்கிற பேச்சு அவ கடிதம் மட்டும்தான். கரண்ட் விஷயத்தை ஒரே நாள்ல எழுதித் தள்ளிடலாம். தள்ளிட்டா அப்புறம் எதைக் கேட்டு எழுதுவா? அதனால சிறுகச் சிறுகத்தான் எழுதுறேன். கிழவனுக்கு வந்த புத்தியைப் பாருன்னு நீ சிரிச்சாலும் சரி.

ஒரு காரியம் பண்ணு. அந்தப் பெட்டியைக் கொண்டுபோய் அவ வாசல்ல வச்சுட்டு வா. அதை அவளுக்காகத்தான் சுத்தினேன்.

அப்பா


ஏப்ரல் 25

அன்புள்ள மாமாவுக்கு,

கம்பளி வாங்கிட்டேன். கடைக்காரர் ரெண்டு எடுத்தா விலை குறைவுன்னார், ரெண்டா எடுத்துட்டேன். இஸ்திரியும் வாங்கியாச்சு, நேரா சுவத்துலதான் சொருகுறேன், பயப்படாதீங்க.

ஒரே ஒரு தொந்தரவு. நீங்க சுத்தின பெட்டி வாயே திறக்காது. இது ஓயாம முனகுது, வண்டு காதுக்குள்ள புகுந்த மாதிரி. எனக்கு ஒண்ணுமில்லை மாமா. சொன்னா சிரிப்பீங்க, காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் இந்த அறையில அதுவாவது ஏதோ பேசிட்டே இருக்குன்னு இருக்கும். ஆனா பக்கத்து அறைக்காரம்மாவுக்கு ராத்திரி வேலை. பகல்லதான் தூங்குறாங்க. சுவர் அட்டை கனம்தான். நான் மெஷின்ல உட்கார்ந்தா அவங்க அங்கேயிருந்து தட்டுறாங்க. நான் நிறுத்திடுறேன். அவங்க தூங்கியிருப்பாங்கன்னு திரும்ப ஆரம்பிச்சா திரும்பத் தட்டு. அவங்க முகத்தைக்கூட நான் இன்னும் பார்த்ததில்லை. தட்டுற தட்டுலயே ஆள் எப்படின்னு தெரிஞ்சுபோச்சு.

எங்கே வைக்கணும்னு எழுதுறேன்னு சொன்னீங்களே, எழுதுங்க. சத்தம் கேட்காம வைக்க ஏதாவது வழி இருக்கா?

அவருக்கு இருமல் இருந்தது. இப்போ சரியாயிடுச்சு.

உங்க மருமகள்


மே 13

அம்மாடி,

உன் கடிதம் கைக்கு வந்த உடனே எழுதுறேன்.

முதல்ல இதைக் கேளு. பெட்டி மேல எதையும் போட்டு மூடாதே. சத்தத்துக்காக மூடணும்னு தோணும், கூடவே கூடாது. பெட்டின்னா சூடாகும், அந்தச் சூடு போக வழி வேணும். நாலு பக்கமும் கை நுழையற அளவுக்கு இடம் விட்டு, வெறும் தரையில வை. துணிமணி கிட்டவே இருக்கக் கூடாது. வேலை முடிஞ்சா மெஷினை நிறுத்தினா மட்டும் போதாது, பெட்டியைச் சுவத்துலேர்ந்து உருவிடு. சும்மா இருக்கும்போதும் அது சூடாகிட்டே இருக்கும். மலிவுப் பெட்டியில சூடு மிஞ்சினா தானா நிக்கிற ஏற்பாடெல்லாம் இருக்காது. முனகல் பொறுக்கலைன்னா பெட்டிக்கு அடியில ஒரு ரப்பர் துண்டு வை, பாதி குறையும்.

முனகல் எனக்குத் தோணவே இல்லை பார். என் காதுக்கு எல்லாப் பெட்டியும் ஊமைதான். இந்தக் கடிதம் கிடைச்சதுன்னு உடனே ஒரு வரி எழுது.

மாமா


ஜூலை 12

மாமாவுக்கு,

எழுத நாளாயிடுச்சு. வலது கை நல்லா இருக்கு, அதாலதான் எழுதுறேன்.

நீங்க மே மாசம் எழுதின கடிதத்தைப் பக்கத்து அறைக்காரம்மா என்கிட்ட கொண்டுவந்து கொடுத்தாங்க. அது வந்தப்போ எல்லாம் முடிஞ்சிருந்தது. அதுக்கு முந்தின வாரம், அந்தம்மா தூங்கட்டும்னு அந்த ரெண்டாவது கம்பளியை நாலா மடிச்சுப் பெட்டி மேல போட்டேன். முனகல் சுத்தமா அடங்கிடுச்சு. அவங்க தட்டவும் இல்லை. மூணு நாள் ரொம்ப சந்தோஷமாத் தைச்சேன். நாலாம் நாள் மூட்டையைக் கொடுக்கக் கீழே போனேன். சலவைக் கடையில டீ கொடுத்தாங்க, பேச ஆள் கிடைச்சுதேன்னு உட்கார்ந்துட்டேன். மேலே வந்தா கதவு இடுக்குல புகை. அவசரத்துல பூட்டுல சாவி நுழையவே மாட்டேன்னுது. அந்தம்மாதான் வாடைக்கு எழுந்து வந்து கதவை உதைச்சுத் திறந்தாங்க. மெஷினை இழுக்கப் போய் இடது கை வெந்துடுச்சு. மெஷினும் மிஞ்சலை. வீட்டு ஓனர் அறையைக் காலி பண்ணச் சொல்லிட்டார். இப்போ அந்தம்மா அறையிலதான் ஒரு மூலையில இருக்கேன். அவங்க வேலைக்குப் போனப்புறம் அவங்க கட்டில்ல படுக்கிறேன்.

ஆஸ்பத்திரிக்குக் கூட வந்தது யாருன்னு நீங்க கேட்பீங்க. பொய் சொல்லிச் சொல்லி அலுத்துப்போச்சு மாமா. உங்க பிள்ளை என்னோட இல்லை. டிசம்பர்லேர்ந்தே இல்லை. இருமலும் இல்லை, வேலை ஜாஸ்தியும் இல்லை, எனக்கு எதுவும் தெரியாது. நானா இட்டுக்கட்டி எழுதினேன். சொல்லிட்டா உங்களுக்கு நான் யாரோ ஆயிடுவேன்னு பயம். எனக்குன்னு வேற யாரும் இல்லை, உங்களுக்கே தெரியும்.

இனிமே மாமான்னு எழுதலாமா கூடாதான்னு தெரியலை. கை பழக்கத்துல எழுதிட்டேன்.


ஆகஸ்ட் 1

அம்மாடி,

மாமான்னு எழுது. வேற எப்படி எழுதுவே?

கை எப்படி இருக்கு? விரலை மடக்க முடியுதா? மருந்து போடுறாங்களா? பதில் வராம இருந்த நாளெல்லாம் தபால் ஆபீசுக்கே போய் நின்னேன். அங்கே இருக்கிறவங்க உதட்டை அசைக்கிறது தெரியும், என்ன சொல்றாங்கன்னு தெரியாது. இல்லைன்னு தலையாட்டினா மட்டும் புரிஞ்சுடும்.

நீ உண்மையைச் சொல்லிட்டே. நானும் சொல்லிடணும். அவன் மார்ச் மாசமே எனக்கு எழுதிட்டான். நான் சுத்தின பெட்டியை உன் வாசல்ல வச்சுட்டு வான்னு எழுதினேன், அதையும் அவன் செய்யலை. அவனுக்கு இருமல்னு நீ எழுதின கதையைப் படிச்சப்போவே எனக்குத் தெரியும். தெரிஞ்சும் தெரியாத மாதிரி எழுதினேன். அதைவிடக் கேவலம் ஒண்ணு இருக்கு. பெட்டியை மூடாதேங்கிற ஒரு வரி ஏப்ரல் மாசமே என் பேனா நுனியில இருந்தது. அதை எழுதிட்டா நீ கேட்க ஒண்ணும் இருக்காது, கடிதம் நின்னுடும்னு பிடிச்சு வச்சுக்கிட்டேன். உன் பதில் ஒண்ணு கூடுதலா வரட்டும்னு வச்சுக்கிட்டேன். வந்தது. அதுக்குள்ள உன் கை போயிடுச்சு.

மெஷினுக்குப் பணம் அனுப்புறேன்னு சொல்லி இதை மூடி மறைக்கப் போறதில்லை. அனுப்புவேன், அது வேற. நீ என்னைத் திட்டி எழுது. எழுதாம மட்டும் இருந்துடாதேன்னு கேட்க எனக்கு வாய் வரலை.

மாமா


ஆகஸ்ட் 30

மாமா,

உங்க கடிதம் வந்து பத்து நாளாப் பதில் எழுதாம வச்சிருந்தேன். வேணும்னேதான்.

முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்சுட்டேன்னு நான் இருந்திருக்கேன். நீங்க எதிர்ல உட்கார்ந்து பார்த்துட்டே இருந்திருக்கீங்க. அதுகூடப் போகட்டும், வெட்கமா இருந்தது, பிறகு ஒரு நாள் சிரிப்பும் வந்தது. அந்த ஒரு வரிதான் ஆறமாட்டேங்குது. கைக்கட்டை அவிழ்த்துக் கழுவுறப்போ எல்லாம் உங்களைத் திட்டினேன், சத்தமாவே. அறைக்காரம்மா யாரைத் திட்டுறேன்னு கேட்டாங்க. என் மாமனாரைன்னேன். உன்னை விட்டுட்டுப் போனவனோட அப்பாவையான்னாங்க. இல்லை, என் மாமாவைன்னு சொன்னேன். அவங்களுக்கு வித்தியாசம் புரியலை.

விரல் மடங்குது. சுண்டுவிரல் மட்டும் இன்னும் முரண்டு பிடிக்குது. சலவைக் கடையில இப்போ துணி மடிச்சுக் கொடுக்கிறேன். அவங்களே இந்த ஊர் மெஷின் ஒண்ணு வாங்கப் போறாங்க, பெட்டி வேண்டாம், அடாப்டர் வேண்டாம். பணம் அனுப்பாதீங்க.

ஒண்ணு மட்டும் செய்யுங்க. இந்த மிச்சம் வைக்கிற வேலையே இனி வேண்டாம். உங்களுக்குத் தெரிஞ்சது எல்லாத்தையும் ஒரே கடிதத்துல எழுதுங்க. எனக்கு வேணுமா வேண்டாமான்னு பார்க்காதீங்க. எழுதினா பதில் போடுவேனான்னும் கேட்காதீங்க. எழுதுங்க.

நான்


செப்டம்பர் 17

அம்மாடி,

நலமா? நான் இருக்கேன்.

நீ சொன்னபடியே எழுதுறேன். மூணு பின் சாமானை ரெண்டு பின் அடாப்டர்ல மாட்டாதே, மூணாவது பின் தரைக்குப் போறது, கோளாறு ஆனா உன் உடம்பு வழியா போகாம அது வாங்கிக்கும். அது நுழையலைன்னு யாராவது ஒடிச்சுக் கொடுத்தா வாங்காதே. அடாப்டர் மேல அடாப்டர், அதுக்கு மேல இன்னொண்ணுன்னு அடுக்காதே. ஆடுற பின் சூடாகும், சுவத்துல லொடலொடன்னு இருந்தா அந்த இடத்தையே பயன்படுத்தாதே. ஈரக் கையோட தொடாதே, ஜன்னலைத் துடைச்ச கையோடயும்தான். பியூஸ் போச்சுன்னா அதே அளவு பியூஸ்தான் போடணும், கம்பியை முறுக்கி வைக்கிறது எமனுக்குக் கதவைத் திறந்து வைக்கிற மாதிரி, என் கடையிலயே ஒருத்தன் வச்சான், மேஜை போச்சு. பெட்டியில கருகல் வாடை வந்தா வேலையை முடிச்சுட்டுப் பார்க்கலாம்னு நினைக்காதே, உருவு. தொட்டுப் பார், புறங்கை ஒரு நிமிஷம் தாங்கணும், தாங்கலைன்னா நிறுத்து. வேலைக்குப் போகும்போதும் தூங்கும்போதும் எதுவும் மாட்டியிருக்கக் கூடாது. ஹீட்டருக்குன்னு மலிவா விக்கிற கன்வெர்ட்டரை மோட்டாருக்கு மாட்டாதே, அது கரண்டை நறுக்கி நறுக்கித்தான் கொடுக்கும். அப்புறம், அங்கே கரண்டோட துடிப்பே வேற, இங்கே செகண்டுக்கு அம்பது, அங்கே அறுபது, இங்கேயிருந்து கொண்டுபோன சுவர்க் கடிகாரம் கரண்ட்ல ஓடுறதா இருந்தா அங்கே வேகமா ஓடும். அதை எந்தப் பெட்டியாலயும் சரிபண்ண முடியாது, என்னாலயும் முடியாது. சுண்டுவிரலை வெந்நீர்ல வச்சு மெதுவா மடக்கு, இது கரண்ட் இல்லை, உன் அத்தை சொல்வா.

யோசிச்சு யோசிச்சுப் பார்த்துட்டேன், வேற எதுவும் இல்லை. நாற்பது வருஷம் கத்துக்கிட்டது ஒரே பக்கத்துல முடிஞ்சுபோச்சு. இனிமே நீ என்கிட்ட கேட்க ஒண்ணுமே இல்லை, எனக்கும் உன்கிட்ட சொல்ல ஒண்ணுமே இல்லை.

தபால்காரர் வந்து பெல் அடிச்சா எனக்குக் கேட்காது. அதனால மத்தியானத்துல வாசல்லயே நாற்காலி போட்டு உட்கார்ந்துக்கிறேன்.

மாமா